பெயருக்கு நடுவே ஒரு கோடு

உங்கள் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான். "செய்த கம்பெனியே கைவிட்ட பழைய சர்வர்களுக்குப் பழுது நீக்கும் பேட்ச் எங்கே தேடுவது என்று புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள்" என்றார். எங்கே தேடுவது என்பதற்கு நாலு வரிகூட வேண்டாம். அந்தக் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். அதே மெஷினை வைத்துக்கொண்டு உங்களைப் போலவே அவதிப்படும் இன்னொரு பாவப்பட்ட ஆளைத் தேடுங்கள். ஏதாவது பல்கலைக்கழகத்தில் யாரும் அழிக்க மறந்துபோன கோப்புகளைத் தேடுங்கள். தேடுகிற வித்தை என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். அதனால் அதை எழுதுகிறேன். உங்கள் தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் மாலா. இந்த நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு இரண்டு வருடம் பிந்திப் பிறந்தவள். மலாக்காவில் காஜா பேராங்கில் வீடு. வீட்டிலிருந்து குடை பிடித்துக்கொண்டு நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை இருந்தது. இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான்தான். பெரிய பதவி மாதிரி இருக்கும். உண்மையில் லேப்புக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் நானும் ஒரு சர்வரும்.

லேப்புக்கும் ரத்த வங்கிக்கும் அந்த ஒரே சர்வர். நோயாளி பெயர், பிறந்த வருடம், ரத்த வகை, பரிசோதனை முடிவு எல்லாம் அதில்தான். குழாய்களில் ஒட்டுகிற லேபிளையும் அதுதான் அடித்துத் தரும். அதற்கு ஒரு வியாதி இருந்தது. லேபிள்கள் சேரச் சேர, திடீரென்று ஒருநாள் அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டு மறுபடி எழுப்ப அரை மணி நேரம் ஆகும். அதுவரை லேப்பில் எல்லாரும் கையால் எழுதுவார்கள், எழுதிக்கொண்டே என் அறைக் கதவைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்குவதற்கே தனிச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

புரோகிராமைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி கோலாலம்பூர் கிளையை மூடிவிட்டு ஒரு கடிதம் அனுப்பியது. இனிமேல் எந்த உதவியும் இல்லை, பழகியதற்கு நன்றி என்பது அதன் சாரம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார். அவர் சீனர், எங்களுக்குள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். புது மெஷின் இந்த வருடம் கிடையாது, நீயே ஏதாவது பார் என்றார்.

பார்த்தேன். மூன்று மாதம் தேடினேன். முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் பினாங்கில் ஒருவர் அகப்பட்டார். அங்கே ஒரு மருத்துவமனையில் இதே புரோகிராமைக் கட்டி மேய்த்தவர். வேலையை விட்டபோது, கம்பெனி கடைசியாக அனுப்பிய சிடியைத் தூக்கிப் போட மனசு வராமல் வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். போனில் பேசினேன்.

"உறைஞ்சி போறதுக்கு இதுல மருந்து இருக்குங்க. ஆனா நான் போட்டுப் பார்த்ததில்ல. எங்க ஆஸ்பத்திரியில இதுக்கு முந்தினதுதான் கடைசி வரைக்கும் ஓடிச்சி. நல்லா பார்த்துப் போடுங்க" என்றார்.

சிடி தபாலில் வந்த அன்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் ஆடாத குறைதான்.

சிடியில் ஒரு குறிப்பு இருந்தது. இந்த பேட்ச் என்னென்ன சரிசெய்யும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். உறைந்துபோவது முதல் வரியிலேயே இருந்தது. கீழே பத்துப் பதினைந்து சில்லறைத் திருத்தங்கள். அவற்றில் ஒன்று: "பெயர்களில் வரும் தேவையற்ற குறிகளை நீக்குகிறது."

இந்த வரியை நான் படிக்காமல் விடவில்லை, பிள்ளைகளே. படித்தேன். நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நம்மவர்கள் பெயர் எப்படி எழுதப்படும் என்று உங்களுக்குத் தெரியும். ஆண் என்றால் ஏ/எல், பெண் என்றால் ஏ/பி. இன்னார் மகன், இன்னார் மகள் என்பதை மலாயில் சுருக்கி, நடுவே ஒரு சாய்ந்த கோடு போட்டு, அதற்குப் பிறகு அப்பா பெயர். அந்தக் கோட்டால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பரீட்சைத் தாளில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் வேறு மாதிரி. ஒரு முறை வெளியூர் விமான நிலையத்தில், ஏ/பி என்பது உன் குடும்பப் பெயரா என்று கேட்டு என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து சட்டப்படி கட்டாயம் இல்லாத இடத்திலெல்லாம் அதை விட்டுவிடுவேன். மாலா சுப்ரமணியம், அவ்வளவுதான். தேவையற்ற குறி என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நானாக இருந்தேன்.

சோதித்துப் பார்க்காமல் போடவில்லை. ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய மெஷினில் பேட்சை ஏற்றி இரண்டு வாரம் ஓட்டினேன். ஐந்து பொய் நோயாளிகளை உருவாக்கினேன். ஓர் அகமது பின், ஒரு சித்தி பிந்தி என்று மலாய்க்காரர் இருவர், சீனருக்கு ஒரு டான். நான்காவது, எங்கள் ரெக்கார்டு அறைக் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்துக்காரர், காஜா பேராங்கில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மலாய்தான் பேசுவார், பெயர் மட்டும் பிள்ளை என்று முடியும், நடுவில் கோடு கீடு எதுவும் இல்லை. ஐந்தாவது நான். என் பெயரை எப்போதும் எழுதுவது போலவே எழுதினேன்.

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லா இனத்தாரையும் சேர்த்தாயிற்று என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை, லேப் திறப்பதற்கு முன்பே போய் பேட்சைப் போட்டேன். ஏழரைக்கு ஆட்கள் வந்தார்கள். லேபிள்கள் சரசரவென்று வந்தன. முன்னைவிட வேகம். எதிர்க்கடையில் ரொட்டி சானாய் வாங்கி வந்து என் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்கு ரத்த வங்கி அக்கா என்னைக் கூப்பிட்டார். பண்டார் ஹிலிரில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"மாலா, இங்க கொஞ்சம் வாம்மா. ஒரு பொம்பள பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் நிக்காம போய்க்கிட்டிருக்கு. வார்டுல ரத்தம் கேக்குறாங்க. வந்த டியூப சோதிச்சா ஏ-ன்னு வருது. உன் மெஷின்ல போன வருஷத்து ரெக்கார்டு பி-ன்னு சொல்லுது. ரெண்டுல ஒன்னு தப்பு."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஏ வகை ஆளுக்கு பி ரத்தமோ, பி வகை ஆளுக்கு ஏ ரத்தமோ ஏற்றினால் உயிர் போகலாம். குழாயும் ரெக்கார்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையுமே கொடுக்கக் கூடாது என்பது விதி. யாருக்கும் ஒத்துக்கொள்கிற ஓ ரத்தம் கொடுக்கலாம். அன்று எங்களிடம் ஓ ஒரே ஒரு பை இருந்தது. அக்கா அதை ஏற்கெனவே மேலே அனுப்பிவிட்டார். அரசாங்க மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள், வண்டி வர வேண்டும்.

"மெஷின் எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். லெட்சுமி ஏ. பிறந்த வருடம் சரி. ரத்த வகை பி. அந்த ஏ-யை இனிஷியல் என்று நினைத்துக் கடந்துபோனேன்.

"மெஷின் நல்லா இருக்குக்கா. காலைலதான் பேட்ச் போட்டேன். இவ்வளவு நாள் இல்லாத மாதிரி ஓடுது" என்றேன்.

"அப்ப டியூப்தான் தப்பு" என்றார் அக்கா.

அவர் வார்டுக்குப் போன் செய்தார். ரத்தம் எடுத்த நர்ஸ் மிஸி, சாந்தி என்று ஒரு சின்னப் பெண், ஓடியே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"நான்தான்கா எடுத்தேன். கட்டில் பக்கத்துல நின்னு பேரு கேட்டுட்டுத்தான் லேபிள் ஒட்டினேன். மாறல."

"மாறலன்னா எப்படிம்மா வேற வருது? போய் மறுபடியும் எடுத்துட்டு வா."

"அந்த அம்மாவுக்கு நரம்பே கெடைக்கலக்கா..."

"சாந்தி, போ."

போனாள். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். டியூப் மாறுவது எல்லா மருத்துவமனையிலும் நடப்பதுதான், பாவம், புதுசு என்று மனசுக்குள் பெரிய மனுஷியாகப் பரிதாபப்பட்டுக்கொண்டேன்.

இரண்டாவது குழாய் வர நேரமானது. அந்த இடைவெளியில் சும்மா நிற்கப் பிடிக்காமல் மறுபடி ரெக்கார்டைத் திறந்தேன். முகவரி செமாபோக். வார்டு அனுப்பிய சீட்டு மேசையில் கிடந்தது. அதில் கிளேபாங். வீடு மாறியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் சீட்டில் இருந்த பெயரைப் படித்தேன். லெட்சுமி ஏ/பி முனியாண்டி. திரையில் லெட்சுமி ஏ.

தேடும்போதும் திரையில் காட்டும்போதும், கோடு வந்த இடத்திலேயே பேட்ச் பெயரை வெட்டிவிட்டது. கோட்டை மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும். அது அடையாள அட்டையில் பழைய ஐசி எண்ணும் புது ஐசி எண்ணும் குழம்பிக் கிடந்த காலம். எங்கள் புரோகிராம் பெயரையும் பிறந்த வருடத்தையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். அப்பா பெயர் போய்விட்டால், ஒரே வருடத்தில் பிறந்த எல்லா லெட்சுமியும் ஒரே லெட்சுமி. கிளேபாங் லெட்சுமியைக் கேட்டதற்கு, முதலில் அகப்பட்ட செமாபோக் லெட்சுமியைக் காட்டியிருக்கிறது. காலையிலிருந்து வந்த முனுசாமி, காளியம்மா, ராஜூ அத்தனை பேருக்கும் இதே கதிதான்.

இந்த இடத்தில் உண்மையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. எனக்கு உடனே வாய் வரவில்லை. இரண்டாவது குழாய் வந்துவிடும், அதுவும் ஏ என்று சொல்லும், பழைய ரெக்கார்டுதான் தப்பு என்று அக்கா முடிவுக்கு வருவார், ஏ ரத்தம் மேலே போகும். சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் பேட்சை எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இவ்வளவும் என் மனதில் ஓடியது. எவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்குத் தெரியாது. சில நொடிகள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சாந்தி இரண்டாவது குழாயோடு வந்தாள். அவள் கையில் ரத்தக்கறை இருந்தது. அக்கா குழாயை வாங்கி, சர்வரோடு இணைத்திருந்த பரிசோதனைக் கருவியில் வைத்தார்.

"அக்கா, டியூப் தப்பு இல்ல. என் மெஷின்தான் தப்பு. அந்த பி வேற ஒரு லெட்சுமியோடது" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசம். பேர பாதியில வெட்டுது."

"இப்ப மெஷின் சொல்ற எதையும் நம்பலாமா?"

"ஒன்னையும் நம்பாதீங்க."

குழாயின் முடிவு ஏ என்று வந்தது. கையால் ஒருமுறை ஒத்துப்பார்த்தார். இரண்டு பை ஏ ரத்தத்துக்குக் கையாலேயே சீட்டு எழுதிச் சாந்தியிடம் கொடுத்தார். பிறகு என்னிடம், "மெஷின நிறுத்து" என்றார்.

மேனேஜர் வந்துவிட்டார். நண்பகலில் லேப் மெஷினை நிறுத்துவதா, எல்லா வார்டும் காத்திருக்கிறதே, மாலை வரை கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியாதா என்றார். கவனமாகப் பார்க்கச் சொல்கிறீர்கள், எதைப் பார்ப்பது என்று எனக்கே பத்து நிமிடம் முன்புதான் தெரிந்தது என்றேன். அவர் யோசித்தார். நான் காத்திருக்காமல் அணைத்தேன். இதைத் துணிச்சல் என்று யாரும் பாராட்ட வேண்டாம். துணிச்சல் தேவைப்பட்ட நேரம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது.

அன்று மதியம் முழுக்க நானும் கிராணியும் வார்டு வார்டாக நடந்தோம். காலையில் அடித்த ஒவ்வொரு லேபிளையும் படித்து, ஏ/எல், ஏ/பி உள்ள ஒவ்வொருவரையும் கட்டிலில் பார்த்துப் பெயரைக் கேட்டு, கையால் முழுசாக எழுதினோம். மூன்று மணிக்கு பேட்சை எடுத்துவிட்டேன். மெஷின் பழைய வியாதியோடு திரும்பி வந்தது. வேறு யாருக்கும் தப்பு நடக்கவில்லை. லெட்சுமிக்கு ரத்தம் நின்றுவிட்டது என்று நாலு மணிக்குச் செய்தி வந்தது. என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ மெஷின் நல்லா இருக்குன்னு சொன்னே, நான் நம்பினேன். நம்பினதாலதான் அந்தப் புள்ளைய வெரட்டுனேன். என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? அங்க போய்க் கேளு" என்றார்.

சாந்தியைத் தேடிப் போனேன். அவள் ஊசித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நிமிராமலேயே பேசினாள்.

"பரவாயில்லக்கா. ஆனா அந்த அம்மாவுக்கு ரெண்டாவது தடவ நரம்பு கெடைக்காம நாலு எடத்துல குத்தினேன். கத்தினாங்க. எதுக்குக் குத்தினேன்னு இன்னும் அவங்களுக்குத் தெரியாது. நீங்களே சொல்லிடுங்க."

நோயாளியிடம் எதுவும் பேச வேண்டாம் என்று மேனேஜர் முந்தின நாளே சொல்லியிருந்தார். போனேன்.

லெட்சுமி வெளுத்துப் போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் குழந்தை தூங்கியது. கை முழுக்கப் பஞ்சும் பிளாஸ்திரியும். நான் யார், என்ன நடந்தது, எதற்காக மறுபடி குத்தினார்கள், யார் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் புரியுமோ என்று கொஞ்சம் சுற்றி வளைத்தேன்.

"சுருக்கமா சொல்லுங்கக்கா. எங்கப்பா பேர விட்டுட்டீங்க, அதானே?" என்றார்.

"ஆமாம்மா."

"அவரு இருந்திருந்தா உங்கள சும்மா விட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் வலித்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. மன்னித்துவிட்டார், முடிந்தது என்று எழுந்தேன். கதவுப் பக்கம் போய்விட்டேன்.

"அக்கா, என்னைய இன்னொரு லெட்சுமின்னு நெனச்சிக்கிட்டீங்கல்ல. அப்ப என் ரத்தம் அவங்க கணக்குல ஏறியிருக்காதா? அந்தம்மா நல்லா இருக்காங்களா?"

பேட்சை எடுத்தேனே தவிர, அது இருந்த நேரத்தில் மெஷின் என்ன எழுதிவைத்தது என்று பார்க்கவே இல்லை. வார்டு வார்டாக நடந்து, மருத்துவமனைக்குள் படுத்திருந்தவர்களை மட்டும் எண்ணினேன். வீட்டில் இருந்த ஒருத்தியை நான் நினைக்கவே இல்லை.

படியில் இறங்கி ஓடினேன். ரெக்கார்டைத் திறந்தேன். இரண்டு குழாய் ஒரே முடிவைச் சொன்னால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும்படி புரோகிராமில் இருந்தது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. லெட்சுமி ஏ/பி ராமன், செமாபோக், ரத்த வகை பி இருந்த இடத்தில் ஏ. அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு அறுவை சிகிச்சை.